ஆற்றை நேராக்கினார்கள், பிறகு வளைத்தார்கள்!

(விவசாயிகள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சேற்றைப் பற்றியது. சேறு என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சேற்றில் இறங்கிப் பாடுபட்டுச் சோறு போடுகிறவர்கள் நிறைந்த இந்தக் கூட்டத்தில், சேற்றைப் பற்றிப் பேசுவது கேவலமான காரியம் ஆகாது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, அதை உழவு நிலமாக்குவதுதான் நாகரிகம் என்று மேல்நாட்டார் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அப்படியே செய்தும் வந்தார்கள். இன்று அவர்களே அந்த உழவு நிலத்தில் சிலவற்றை விலை கொடுத்து வாங்கி, வடிகாலைத் தூர்த்து, கரையை உடைத்து, மறுபடியும் சதுப்பாக்குகிறார்கள். கஷ்டப்பட்டு நேராக்கிய ஆற்றை மறுபடியும் கஷ்டப்பட்டு வளைக்கிறார்கள். இது பைத்தியக்காரத்தனமா, அல்லது புத்தி வந்ததன் அடையாளமா என்பதைத்தான் நாம் இன்று ஆலோசிக்க வேண்டும்.

டென்மார்க்கின் கதை

டென்மார்க் ஒரு சின்ன தேசம். ஜனத்தொகை 60 லட்சம் இருக்கும். அதன் நிலத்தில் 100-க்கு 60 பங்குக்குக் குறையாமல் சாகுபடியில் இருக்கிறது. அத்தேசம் 1864-ல் ஒரு யுத்தத்தில் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்கிற வளமான பிரதேசங்களைப் பறிகொடுத்தது. வெளியே போன நிலத்தை உள்ளே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கே பலமாக உண்டாயிற்று. 1866-ல் தரிசு நிலங்களைத் திருத்துவதற்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். டால்காஸ் என்பவர் அதற்குத் தலைமை வகித்து நடத்தினார். தரிசுகளில் மரம் வைத்தார்கள், சதுப்புகளை வடித்தார்கள். தேசம் பணக்கார விவசாய தேசமாயிற்று. ஆகவே, வடித்தவர்கள் முட்டாள்கள் என்றோ, அயோக்கியர்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. பசியும் நஷ்டமும் அவர்களை அந்தக் காரியத்தில் இறக்கின என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஆனால் ஒரு காரியம் ஒரு காலத்தில் நன்மை செய்தது என்பதற்காக, அதை எங்கும், எப்பொழுதும், அளவில்லாமல் செய்துகொண்டே போவதென்றால் அது பழக்கமாகிவிடுகிறது. பழக்கமானதும், ஏன் செய்கிறோம் என்று கேட்பவன் துரோகி ஆகிவிடுகிறான். சாஸ்திரத்தின் பேரால் மாத்திரம் இப்படி நடக்கும் என்று எண்ணாதீர்கள். இஞ்சினீயர் போட்ட படத்தின் பேராலும் நடக்கும்.

அந்தத் தேசத்தின் மேற்குப் பக்கத்தில் ஷெர்ன் என்று ஓர் ஆறு இருக்கிறது. டென்மார்க்கில் அதிகமாய் நீர் கொண்டு செல்லும் ஆறு அதுதான். அது ரிங்கெபிங் என்னும் கடற்கழியில் போய்ச் சேருகிறது. அதன் கீழ்ப்பாகம் முழுவதும் புல்லும் நாணலும் சேறும் நிறைந்த சமவெளி. ஆறு தன் இஷ்டம்போல் வளைந்து வளைந்து ஓடும். வெள்ளம் வந்தால் சமவெளி முழுவதும் பரவும். ஜனங்கள் அங்கே மாடு மேய்ப்பார்கள், புல் அறுப்பார்கள், மீன் பிடிப்பார்கள்.

1962 முதல் 1968 வரை பெரிய யந்திரங்களைக் கொண்டுவந்து, ஆற்றின் கடைசிச் சுமார் 12 மைல் நீளத்தை அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தாற்போல் நேராக்கினார்கள். இரண்டு பக்கமும் கரை போட்டார்கள். பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். சுமார் 10,000 ஏக்கரா சதுப்பும் புல்வெளியும் தானிய வயலாயிற்று. அந்தத் தேசத்தில் நடந்த பெரிய வடிகால் வேலைகளில் அது ஒன்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு நடந்தது என்ன?

கொஞ்ச வருஷம் நல்ல விளைச்சல். பிறகு நிலம் கீழே இறங்க ஆரம்பித்தது. இதற்குக் காரணம் தெய்வ கோபமும் அல்ல, ஆற்றின் சாபமும் அல்ல. கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய காரணம்தான்.

சதுப்பு நிலத்தில் செத்த செடிகொடிகள் நீருக்குள் மூழ்கிக் கிடப்பதால் அவற்றிற்குக் காற்றுப் போதுமான அளவு கிடைப்பதில்லை. காற்றில்லாததால் சரியாக மக்குவதில்லை. மக்காத சருகு ஆயிரக்கணக்கான வருஷமாய் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கருப்பு மண்ணாகிறது. இதைப் பீட் என்று சொல்லுகிறார்கள். நீரை வடித்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து, அது மக்கிக் கரியமில வாயுவாய் ஆகாயத்தில் போய்விடுகிறது. அதாவது வயலே கொஞ்சங் கொஞ்சமாய் ஆவியாகிப் போகிறது என்று சொல்லலாம். நிலம் இறங்க இறங்க, நீர் மட்டம் நெருங்குகிறது. மறுபடியும் ஆழமாய் வெட்ட வேண்டும், மறுபடியும் அதிகமாய் இறைக்க வேண்டும். இறைக்க இறைக்க நிலம் இன்னும் இறங்கும். கடன்காரன் வட்டி கட்டக் கடன் வாங்குவது போன்ற வியாபாரம் இது. ஷெர்ன் சமவெளியிலும் 20 வருஷத்திற்குள் இந்தப் பேச்சு வந்துவிட்டது.

இது ஒரு புறம். அந்த மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் பொருள் இருந்தது. நீருக்குள் இருந்தவரையில் அது சும்மா இருந்தது. காற்றுப் பட்டதும் அமிலமும் இரும்புத் துருவுமாய் மாறி, வடிகால் வழியே ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் காவி நிறமாயிற்று. நம் தேசத்தில் காவியைக் கண்டால் விழுந்து கும்பிடுவார்கள். அந்தக் காவியோ மீன் முட்டையிடும் கூழாங்கற்களில் படிந்து, முட்டைகளை மூச்சுத் திணற அடித்துக் கொன்றது.

மூன்றாவது, வயலில் போட்ட உரம். முன்பு வெள்ளம் சமவெளியில் பரவி நிற்கும்போது, அதிலுள்ள மண்ணும் உரச்சத்தும் புல்லிலும் நாணலிலும் தங்கிவிடும். மேலும் சதுப்புச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள நைட்ரேட்டை உடைத்து, வெறும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். கூலி கேளாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சேற்றை ஒழித்துவிட்டு, ஆற்றை ஒரு குழாயாக்கிவிட்டபடியால், உரமெல்லாம் நேரே கடற்கழியில் போய் விழுந்தது. அங்கே பாசி பெருகிற்று. நீருக்கடியில் வளரும் செடிகள் அழிந்தன.

அந்த ஆற்றுக்கே உரிய சால்மன் மீன் அநேகமாய் அற்றுப்போன நிலைக்கு வந்தது. அந்த ஜாதி மீன் அடியோடு போய்விட்டதோ என்று கூடச் சந்தேகம் இருந்தது. விஞ்ஞானிகள் 1930-களில் சேர்த்து வைத்திருந்த பழைய மீன் செதில்களை எடுத்து, அவற்றின் மரபணுவைப் பிற்காலத்து மீனுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய வம்சம் இன்னும் மிஞ்சியிருக்கிறது என்று 1997-ல் வெளியிட்டார்கள். மீனுக்கு வம்சாவளி பார்த்தது உயர்வு தாழ்வு பேசுவதற்காக அல்ல, காப்பாற்றுவதற்காக என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவிலும் அதே பாடம்

டென்மார்க்கில் வேலை துவங்கிய அதே 1962-ம் வருஷத்தில், அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் கிஸ்ஸிம்மி என்ற ஆற்றையும் நேராக்கத் துவங்கினார்கள். 1947-ல் வந்த புயல் வெள்ளம் அதற்குக் காரணம். 103 மைல் வளைந்து ஓடின ஆறு, 1971-ல் 56 மைல் நீளமுள்ள நேர் வாய்க்காலாயிற்று. 30 அடி ஆழம், 300 அடி அகலம். சதுப்பு வறண்டு மாட்டுப் பண்ணைகளாயிற்று. குளிர்காலத்தில் வந்து தங்கும் வாத்துகளில் 100-க்கு 90-க்கு மேல் வராமல் போய்விட்டன. வாய்க்கால் நீரில் பிராணவாயு குறைந்தது.

வெட்டுவதற்கு மூன்று கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அதைத் திருத்துவதற்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் ஆயிற்று. அந்தக் காலத்து டாலரும் இந்தக் காலத்து டாலரும் ஒன்றல்ல என்பது வாஸ்தவம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், கெடுப்பதைவிடத் திருத்துவதற்கே அதிகச் செலவு பிடித்தது என்பது மறுக்க முடியாத விஷயம். 1992-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை அனுமதி கொடுத்து, 1999-ல் வாய்க்காலைத் தூர்க்க ஆரம்பித்து, 2021-ல் முடித்தார்கள். வாய்க்கால் முழுவதையும் தூர்க்கவில்லை. நடுப்பாகத்தைத் தூர்த்து, 44 மைல் ஆற்றைப் பழைய வளைவுகளில் ஓடவிட்டார்கள். பறவைகள் திரும்பின, நீரில் பிராணவாயு ஏறிற்று.

எப்படித் திருப்பினார்கள்?

மறுபடியும் டென்மார்க்குக்கு வருவோம். 1987-ல் அத்தேசத்துப் பார்லிமெண்டில் ஷெர்ன் சமவெளியைத் திரும்பச் சதுப்பாக்குவது என்ற யோசனை ஏற்கப்பட்டது. 1998-ல் சட்டம் வந்தது. 1999-ல் வேலை துவங்கி 2002-ல் முடிந்தது. யோசனைக்கும் மண்வெட்டிக்கும் நடுவே 12 வருஷம் ஆகியிருக்கிறது. அந்த 12 வருஷம் என்ன செய்தார்கள்? அளந்தார்கள், வாதாடினார்கள், நிலம் வாங்கினார்கள். சில விவசாயிகள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களைச் சர்க்கார் நிலத்தைவிட்டுச் சும்மா துரத்திவிடவில்லை. விலை கொடுத்தது, அநேகருக்கு வேறு இடத்தில் மாற்று நிலம் கொடுத்தது.

நேர் ஆற்றின் கரைகளை இடித்தார்கள். பம்புகளை நிறுத்தினார்கள். 27 லட்சம் கன மீட்டர் மண்ணை நகர்த்தி, 12 மைல் நேர் வாய்க்காலுக்குப் பதிலாய்ச் சுமார் 16 மைல் வளைந்து ஓடும் ஆற்றை உண்டாக்கினார்கள். சுமார் 5,400 ஏக்கரா மறுபடியும் புல்வெளியும் சேறும் ஏரியுமாயிற்று. செலவு சுமார் 28 கோடிக் குரோனர்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். “இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடு, அது தானே எல்லாம் சரிசெய்து கொள்ளும்” என்று சிலர் பக்தி சிரத்தையாய்ச் சொல்லுகிறார்கள். இதுவும் ஒரு மூட நம்பிக்கைதான். மனிதன் போட்ட கரை தானே இடியவில்லை; மண் தள்ளும் யந்திரம் வந்துதான் இடித்தது. நேராக்கிய கணக்கைவிட வளைக்கும் கணக்கு கஷ்டமானது. எந்த வளைவு எவ்வளவு ஆழம், வெள்ளம் எவ்வளவு நாள் நிற்கும், பக்கத்துக் கிராமத்தில் நீர் ஏறுமா என்று எல்லாம் கணக்குப் போட்டார்கள். பத்தாயிரம் ஏக்கராவையும் விட்டுவிடவுமில்லை. ஏறக்குறைய பாதியை ஆற்றுக்குக் கொடுத்தார்கள்; மீதி உழவிலேயே இருக்கிறது. திரும்பிய புல்வெளியில் இன்றும் மாடு மேய்கிறது. சால்மன் மீனையும் சும்மா வரவழைத்துவிடவில்லை. பழைய வம்சத்து மீனிலிருந்தே குஞ்சு பொரித்து விட்டார்கள். சில நூறாய் இருந்த மீன் இப்பொழுது சில ஆயிரமாய் ஆற்றில் ஏறுகிறது. அதைத் தூண்டில் போட்டுப் பிடிக்க ஜனங்கள் தூரதேசங்களிலிருந்தெல்லாம் வந்து பணம் செலவழிக்கிறார்கள்.

நியாயமான ஆட்சேபனைகள்

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபனைகளைப் பார்ப்போம். நமக்குப் பிடித்த விஷயம் என்பதற்காக அவற்றை மூடி மறைப்பது யோக்கியமாகாது.

முதலாவது, ஏழைக்குச் சோறு வேண்டுமே, விளைநிலத்தைச் சேறாக்கலாமா என்பது. நல்ல கேள்வி. எல்லா விளைநிலத்தையும் சேறாக்கு என்று யாரும் சொல்லவில்லை. எந்த நிலம் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டும், இறைக்கும் செலவு ஏறிக்கொண்டும், கீழேயுள்ளவன் நீரைக் கெடுத்துக்கொண்டும் இருக்கிறதோ, அந்த நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. அப்படிப்பட்ட வயலில் வரும் லாபம் ஒருவனுக்கு; மீன் போன நஷ்டமும், நீர் கெட்ட நஷ்டமும் ஊருக்கு. இந்தக் கணக்கை ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, திருப்பினால் பழையபடி ஆகிவிடுமா என்பது. ஆகாது என்றுதான் சொல்ல வேண்டும். பல தேசங்களில் மீட்கப்பட்ட 621 சதுப்பு நிலங்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. செடி கொடி ஜீவராசிகளின் விஷயத்தில் சராசரி 100-க்கு 26 பங்கும், மண்ணில் கரி முதலிய சத்துச் சேரும் விஷயத்தில் 23 பங்கும், பழுதுபடாத சதுப்புகளைவிடக் குறைவாகவே இருப்பதாய் அதில் கண்டார்கள். கெடுத்தால் என்ன, பிறகு காசு கொடுத்துச் சரிப்படுத்திக்கொள்ளலாம் என்று பேசுகிற கனவான்கள் இந்தக் கணக்கை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, சேறு மீதேன் வாயுவை வெளியிடுமே, உரம் போட்ட வயலில் நீரை நிறுத்தினால் பாஸ்பரஸ் கரைந்து வெளிவருமே என்பது. இரண்டும் உண்மை. ஆகையால்தான் எங்கே, எவ்வளவு நீர் நிறுத்துவது, முதலில் மேல்மண்ணை வழித்தெடுப்பதா என்றெல்லாம் பார்த்துச் செய்கிறார்கள். ஆனாலும் பூமியின் நிலத்தில் 100-க்கு 3 பங்கே உள்ள பீட் மண்ணில், உலகத்துக் காடுகள் எல்லாவற்றிலும் உள்ளதைவிட அதிகமான கரி அடங்கியிருக்கிறது. அதை வடித்துக் காற்றில் விடுவது சின்ன விஷயமல்ல. வெகுகாலக் கணக்கில் பார்த்தால், நீர் நிறுத்துவதே நஷ்டம் குறைந்த வழியாய் இருக்கிறது.

நான்காவதுதான் எனக்கு முக்கியமானது. யார் நிலம் போகிறது, யார் பிழைப்புப் போகிறது என்பது. டென்மார்க்கில் 2024-ல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சர்க்கார், விவசாயிகள் சங்கம், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழிலாளர் சங்கம், தொழில் முதலாளிகள், ஸ்தல ஸ்தாபனங்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். சுமார் 3½ லட்சம் ஏக்கரா தாழ்ந்த கருமண் நிலத்தை உழவிலிருந்து எடுப்பது, இதுவும் காடு வளர்ப்பதும் முதலிய காரியங்களுக்கு 4,300 கோடிக் குரோனர் ஒதுக்குவது என்று முடிவாயிற்று. அது எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பது இனிமேல்தான் பார்க்க வேண்டியது. ஆனால் பாதிக்கப்படுகிறவனை மேஜையில் உட்காரவைத்தது சரியான முறை. நிலச் சொந்தக்காரனுக்கு விலை கொடுப்பதோடு நின்றுவிடாமல், அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கு என்ன வழி என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்காத எந்தத் திட்டமும், பறவைக்கு இரங்கி மனிதனை மறந்த திட்டமாகிவிடும்.

நமக்கு என்ன?

இதெல்லாம் பனி பெய்யும் தேசத்துக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். அதை அப்படியே காப்பியடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்முடைய நெல் வயலும் ஏரியுமே மனிதன் உண்டாக்கிய சதுப்பு நிலங்கள்தான். 1971-ல் ஈரான் தேசத்து ராம்சர் நகரில் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தின் வகுப்புக் கணக்கில் நெல் வயலும் சேர்ந்திருக்கிறது. ஆகவே நம் நிலைமை வேறு. ஆனால் புத்தி ஒன்றுதான். உழாத நிலமெல்லாம் பாழ், சேறெல்லாம் வீண் என்று கருதும் மனப்பான்மை இங்கும் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். மிஞ்சிய பாகத்துக்கு 2022-ல்தான் அந்த ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது. புறம்போக்கு என்று ஒரு நிலத்துக்குப் பேர் வைத்துவிட்டால், அதைக் கெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. பேர் வைத்துத் தாழ்த்துவதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மனிதனுக்குச் செய்ததையே மண்ணுக்கும் செய்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே! நான் முடிவாகச் சொல்லுவது இதுதான். பெரியவர்கள் செய்தது என்பதாலேயே ஒரு காரியம் சரியாகிவிடாது. பெரிய யந்திரம் செய்தது என்பதாலும் சரியாகிவிடாது. செய்து முடிந்துவிட்டதே, இனி என்ன என்று தலைவிதியாய் ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. மனிதன் ஆலோசித்துச் செய்த காரியத்தை, தவறென்று கண்டால் மனிதனே ஆலோசித்து மாற்றலாம் என்பதற்கு அந்த இரண்டு ஆறுகளும் சாட்சி. ஆனால் மாற்றுவதற்கு ஆகும் செலவும், திரும்பி வராமல் போகும் பாகமும், முன்கூட்டி யோசிக்காததற்கு நாம் கட்டும் அபராதம்.

உங்கள் ஊரில் ஓர் ஓடையை நேராக்க வேண்டும், ஒரு பள்ளத்தை மேடாக்க வேண்டும் என்று யாராவது படத்தோடு வந்தால், விரோதமாய் விரட்டவும் வேண்டாம், மரியாதைக்காகத் தலையாட்டவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள்: இப்பொழுது அந்த நீர் என்ன வேலை செய்கிறது? அந்த வேலையை இனி யார் செய்வார்? லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு? இந்த நான்குக்கும் கணக்கோடு பதில் சொல்லுகிறவன் வேலையைத் தொடங்கட்டும்; சொல்ல முடியாதவன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போகட்டும். நான் சொன்னதையும் இதே மாதிரி கேள்வி கேட்டுப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.